கறுப்புப் பட்டையும் பன்னிரண்டு சிலிண்டரும்

தேவகோட்டையைச் சொந்த ஊராகக் கொண்டு இப்போது சிங்கப்பூரில் பணிபுரியும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: பெராரி நிறுவனம் 2024இல் அறிமுகப்படுத்திய ‘டோடிச்சி சிலிந்த்ரி’ என்னும் வண்டியின் முகம், அதே நிறுவனம் 1968இல் வெளியிட்ட ‘டேட்டோனா’வின் முகத்தை அப்படியே நினைவூட்டுகிறது, ஒரு சாரார் இதை அழகு என்கிறார்கள், இன்னொரு சாரார் தாத்தாவின் பெயரை விற்றுப் பிழைக்கும் வேலை என்கிறார்கள், பழைய வண்டிகளோடு பழகியவர் என்ற முறையில் நீங்கள் எந்தப் பக்கம்? கூடவே, அப்படிப்பட்ட வண்டியை ஒருவர் வாங்கி நம் ஊர்ப் பக்கம் கொண்டுவந்தால் சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் என் தகுதியின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் இயந்திரப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளின் கார் கொட்டகைகளில் பூட்டிக் கிடக்கும் பழைய வண்டிகளை எழுப்பி ஓட வைப்பதில் இப்போது என் பொழுது போகிறது. டோடிச்சி சிலிந்த்ரியை நான் ஓட்டியதில்லை. ஆகவே அது வளைவில் எப்படித் திரும்புகிறது, பிரேக்கை மிதித்தால் எப்படி நிற்கிறது என்பதைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை. ஒரு வண்டி ஏன் இந்த வடிவில் இருக்கிறது, அதன் எந்த உறுப்பு எதற்காக அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று எடைபோடுவதற்கு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. தம்பியின் கேள்வியும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

டேட்டோனாவிலிருந்து தொடங்குவோம். அதன் முறையான பெயர் 365 ஜி.டி.பி. 4. இதில் 365 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. பன்னிரண்டு சிலிண்டருக்கும் சேர்த்தால் 4.4 லிட்டர் வருகிறது. ஈற்றிலுள்ள 4, வால்வுகளை இயக்கும் நான்கு கேம் தண்டுகளைக் குறிக்கும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் பெராரியின் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் போர்டு நிறுவனத்திடம் பெராரி மண்ணைக் கவ்வியிருந்தது என்பதால், அந்த வெற்றியின் பெயர் இந்தச் சாலை வண்டியோடு மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. வடிவமைத்தவர் பினின்பரினா வடிவமைப்புக் கூடத்தைச் சேர்ந்த லியனார்தோ பியோரவந்தி. வண்டியின் மூக்கு முழுவதையும் குறுக்காக மூடிய ஓர் ஒளி ஊடுருவும் பிளெக்ஸிகிளாஸ் பட்டைக்குப் பின்னால் முகப்பு விளக்குகளை அவர் வைத்தார். காற்று தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும், விளக்கும் எரிய வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்கும் அந்த ஒரே பட்டை விடையாக அமைந்தது. மூடிய விளக்குகளை அமெரிக்கச் சட்டம் ஏற்கவில்லை. அதனால் 1971 முதல் அந்தப் பட்டை போய், மேலெழும்பும் விளக்குகள் வந்தன. ஆக, இன்று எல்லோரும் போற்றும் அந்தக் குறுக்குப் பட்டை, வந்த சில ஆண்டுகளிலேயே அந்த வண்டியின் முகத்திலிருந்து மறைந்துபோன ஒன்று.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. டேட்டோனா தன் காலத்தில் எந்தப் பழைய வண்டியையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய 275 ஜி.டி.பி.யின் உருண்டு திரண்ட உடலை உதறிவிட்டு, கத்தியால் சீவியது போன்ற விளிம்புகளோடு வந்தது அது. மறுபுறம், 1966இலேயே லம்போர்கினி மியூரா இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டதால், முன்னால் இயந்திரம் வைத்த டேட்டோனா பொறியமைப்பில் கொஞ்சம் பழைய ஆசாமியாகவே தெரிந்திருக்கும். உடலால் புதியது, எலும்பால் பழையது. இன்றைய வண்டியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு நமக்குத் தேவைப்படும்.

பழையதைப் பார்த்துப் புதியதைச் செய்வது சரியா தவறா என்று பொதுவாகக் கேட்டால் என்னால் விடை சொல்ல முடியாது, ஏனென்றால் செட்டிநாட்டில் இந்த இரண்டு வகையும் தினமும் என் கண்முன் நடக்கின்றன. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் ஒரு கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சதுரச் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் பூ வேலைப்பாடு கொண்ட உலோக அச்சை இறக்கி, ஒவ்வொரு அறைக்குள்ளும் தோசை மாவுப் பதத்தில் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைக் கை நடுங்காமல் நேராக மேலே தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவையால் நிரப்பி மட்டப்படுத்தி, காயவிட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி கழன்று வரும். கல்லின் முகத்தில் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு நின்றுவிடும். சூளையும் கிடையாது, சுடுவதும் கிடையாது. இன்று செய்த கல்லை நூறு வயதான வீட்டின் வளவில் பதித்தாலும் அதை யாரும் போலி என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் செய்முறை அறுபடவே இல்லை, காலால் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் குணமும் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். பயணிகளுக்காகப் புதிதாகக் கட்டிய தங்கும் விடுதி ஒன்றில், பெயர் வேண்டாம், ஆத்தங்குடிக் கல்லின் பூவை அச்சடித்த தொழிற்சாலை ஓட்டைத் தரையில் பதித்திருந்தார்கள். தேக்குத் தூண் என்று நினைத்துத் தட்டினால் உள்ளே குழாய் ஒலித்தது. நடுவே முற்றம் வைத்து, மழையும் வெயிலும் வராதபடி அதன்மேல் பிளாஸ்டிக் கூரை போட்டு, குளிர்சாதனமும் மாட்டியிருந்தார்கள். முற்றம் என்பது வெளிச்சமும் காற்றும் உள்ளே வருவதற்கும், நான்கு பக்கக் கூரையின் மழைநீரும் ஓரிடத்தில் விழுவதற்கும் விட்ட இடம். அந்த வேலைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, இடத்தை மட்டும் விட்டுவைத்தால் அது படம் எடுத்துக்கொள்ள உதவும் பள்ளம், அவ்வளவே.

கார்களில் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு மெர்சிடிஸ் நிறுவனத்தில் கிடைக்கிறது. 1954இல் வந்த 300 எஸ்.எல். வண்டியின் கதவுகள் பறவையின் சிறகுபோல மேல்நோக்கித் திறந்தன. அது ஒரு கட்டாயத்தால் வந்த வடிவம். மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த அதன் சட்டகம் உறுதியாக நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் இடுப்புயரம் வரை குழாய்கள் ஓட வேண்டியிருந்தது. வழக்கமான கதவுக்கு இடமே இல்லை. அதனால் கீலைக் கூரையில் வைத்தார்கள். 2009இல் அந்த நினைவில் எஸ்.எல்.எஸ். என்ற வண்டி வந்தது. 6.2 லிட்டர் வி8 இயந்திரம், 571 குதிரைத்திறன், நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அலுமினிய உடலுக்கு அந்தக் கதவு தேவைப்படவில்லை. நினைவுக்காகவே வைத்த கதவு அது. வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் மேல்நோக்கித் திறக்கும் கதவைத் திறக்க முடியாது என்பதால், அந்த நிலையில் கீல்களைச் சிறு வெடியால் பிரித்துவிடும் ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டி வந்தது. தேவையில்லாத ஒன்றை வைத்துவிட்டு, அது உண்டாக்கும் ஆபத்துக்குப் பரிகாரமும் செய்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கூரை போட்ட முற்றத்துக்கு இது தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

லம்போர்கினி 2021இல் கவுன்டாக் என்ற பெயரை மீண்டும் எடுத்து 112 வண்டிகள் மட்டும் செய்தபோது நடந்தது இன்னும் சுவையானது. மூலக் கவுன்டாக்கை வரைந்த மார்ச்செல்லோ காந்தினி அப்போது உயிரோடு இருந்தார் (2024இல் காலமானார்). புதிய வண்டியில் தனக்குப் பங்கில்லை என்றும், ஒவ்வொரு வண்டியும் முந்தையதிலிருந்து முறித்துக்கொண்டு புதிதாகப் பிறக்க வேண்டும் என்பதே தன் வாழ்நாள் போக்கு என்றும் பொருள்படும் அறிக்கையை அவர் வெளிப்படையாகவே விட்டார். 1971இல் ஜெனீவா கார் கண்காட்சியில் மூலக் கவுன்டாக்கின் ஆப்பு வடிவத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப் போனதற்குக் காரணம் அதற்கு முன் அப்படியொன்றைக் கண்டதில்லை என்பதே. ஐம்பது ஆண்டு கழித்து அதையே திரும்பக் காட்டினால் திகைப்பு எங்கிருந்து வரும்? நான் இதில் காந்தினியின் பக்கம்.

ஆனால் போர்ஷே 911ஐ இந்தத் தராசில் வைக்க முடியாது. 2022இல் வந்த அதன் ‘ஸ்போர்ட் கிளாசிக்’ வகையின் வாத்துவால் போன்ற பின்பகுதி, 1970களின் தொடக்கத்தில் வந்த கரேரா ஆர்.எஸ். 2.7இலிருந்து எடுத்தது; அன்று வேகத்தில் வண்டியின் பின்புறம் தரையைவிட்டு எழாமல் இருக்க வைத்த அந்த வால், இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. இயந்திரம் அன்றும் பின்னால், இன்றும் பின்னால். அவர்கள் எங்கும் போய்விட்டுத் திரும்பி வரவில்லை. அது ஆத்தங்குடிக் கல்லின் வகை. 2017இல் வந்த, பிரான்சின் அல்பீன் நிறுவனத்து ஏ110ஐயும் ஓரளவு இதனோடு சேர்ப்பேன். முந்தைய ஏ110 பேரணிப் பந்தயங்களில் பெயர் வாங்கியது எடை குறைவால்தான், புதியதும் அலுமினிய உடலோடு சுமார் 1,100 கிலோவில் நின்று, 1.8 லிட்டர் இயந்திரத்தையே போதும் என்று சொன்னது.

பி.எம்.டபிள்யூ.வின் இசட்8ஐ எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. 1950களில் அவர்கள் செய்த 507 என்ற திறந்த வண்டி 252 எண்ணிக்கையோடு நின்று, நிறுவனத்தையே ஏறக்குறையக் கடனில் மூழ்கடித்தது. அதன் நினைவில் 1999இல் இசட்8 வந்தது, 5,703 வண்டிகள் விற்றது. அழகு மறுக்க முடியாதது. இசட்8 இன்று ஏலத்தில் ஏறும் விலையைப் பார்த்தால் காலம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்றும் தோன்றுகிறது. ஆனால் ஏல விலை ஒரு வாதம் ஆகாது. முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எந்தப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நமக்கு அது தெரியாததா?

இனி டோடிச்சி சிலிந்த்ரிக்கு வருவோம். இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பன்னிரண்டு சிலிண்டர்’ என்பதைத் தவிர வேறு பொருளில்லை. பெயரிலேயே தங்கள் வாதத்தை வைத்துவிட்டார்கள் என்பதால், அந்தப் பன்னிரண்டு சிலிண்டரையே முதலில் பார்க்க வேண்டும். 6.5 லிட்டர் கொள்ளளவு, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லை, மின்மோட்டார் துணையும் இல்லை. நிமிடத்துக்கு 9,250 சுற்றில் 830 குதிரைத்திறன், 9,500 சுற்று வரை ஓடும் அனுமதி, 7,250 சுற்றில் 678 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நிமிடத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் சுற்ற வேண்டுமானால் உள்ளே ஓடும் பாகங்கள் இலேசாக இருக்க வேண்டும் என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டுகளை டைட்டானியத்தில் செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் சிலிண்டர்களைக் குறைத்து டர்போவையும் பேட்டரியையும் சேர்த்துக்கொண்டிருக்கும் காலத்தில், மாசு விதிகளுக்குள் நின்றுகொண்டே இப்படியோர் இயந்திரத்தைச் செய்வது எளிய வேலை இல்லை.

இயந்திரம் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி அமர்ந்திருக்கிறது. கியர் பெட்டி பின் அச்சோடு சேர்ந்திருக்கிறது. டேட்டோனாவிலும் கியர் பெட்டி பின்னால்தான் இருந்தது. எடையை முன்னும் பின்னும் பங்கிடுவதற்கான பழைய உபாயம் அது. நீண்ட பானெட், பின்னுக்குத் தள்ளிய இருக்கைகள், வெட்டி நிறுத்தியது போன்ற குட்டையான வால் என்ற அந்த உருவம் இந்த எலும்புக்கூட்டிலிருந்து தானாகவே விளைகிறது. பன்னிரண்டு சிலிண்டரை நீளவாக்கில் முன்னால் வைப்பவனுக்கு வேறு வழி கிடையாது. ஆகவே இந்த வண்டியின் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்த்து ‘பழசைக் காப்பியடித்திருக்கிறார்கள்’ என்று சொல்பவர்கள், நீளமான பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தவறுகிறார்கள். அந்தப் பானெட் திறக்கும் விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது: இரு பக்க மட்காடுகளையும் சேர்த்து ஒரே துண்டாக, முன்பக்கம் கீல் வைத்து, மூக்கை நோக்கிச் சாய்ந்து எழுகிறது, அதனால் மேற்பரப்பில் எங்கும் வெட்டுக் கோடு தெரிவதில்லை.

இப்போது சண்டையின் மையமான கறுப்புப் பட்டை. இரு விளக்குகளையும் இணைத்து மூக்கின் குறுக்கே ஓடும் அந்தப் பட்டையைக் கண்கட்டு என்றும் கொள்ளைக்காரனின் முகமூடி என்றும் கேலி செய்கிறவர்களின் வாதத்தில் பாதி உண்மை உண்டு. டேட்டோனாவின் பட்டை ஒளி ஊடுருவியது. உள்ளே விளக்குகள் தெரிந்தன. அந்தப் பட்டைக்கு ஆழம் இருந்தது. இதில் உள்ளது விளக்குகளை அணைத்துவிட்டால் கறுப்பாகத் தெரியும் ஒரு பரப்பு. நடுப்பகுதிக்கு விளக்கு வேலை எதுவும் இல்லை. ஓரங்களில் விளக்குகளைத் தனக்குள் அடக்கி முன்பக்கத்தைச் சீராக மூடுகிறது என்ற அளவில் பழைய வேலையில் பாதியைச் செய்கிறது, மீதிப் பாதி நினைவு. கேலியோடு நான் உடன்படாததற்குக் காரணம் வேறு. இன்றைய வண்டிகளின் முகங்களைப் பாருங்கள்: அகன்ற வாய், உறுமும் பல், புருவம் நெரித்த விளக்கு, எல்லாம் எதிரே வருபவனை மிரட்டுவதற்கென்றே வரைந்தவை. இந்த ஒரு பட்டை அந்தக் கோபத்தைத் துடைத்துவிட்டது. கண்ணைக் காட்டாத முகத்தில் வரும் அமைதி இதில் வந்திருக்கிறது. மெல்லிய நிறங்களில், குறிப்பாக மஞ்சளிலும் வெளிர் சாம்பலிலும், பட்டை துருத்திக்கொண்டு தெரியும். அடர்ந்த நிறங்களில் உடலோடு கரைந்துவிடும். படங்களைப் பார்த்து வெறுத்தவர்களில் பாதிப் பேர் வெறுத்தது நிறத்தைத்தான் என்பது என் ஊகம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பட்டை பின்னர் போன இடம். அதே 2024இன் இறுதியில் வந்த எப்80 என்ற, ஆறு சிலிண்டர் இயந்திரத்தோடு மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின வண்டியின் மூக்கிலும் கறுப்புப் பட்டை வந்துவிட்டது. டேட்டோனாவுக்கும் அதற்கும் எந்த இரத்த உறவும் கிடையாது. தாத்தாவின் கடுக்கனை மூத்த பேரன் காதில் போட்டால் ஒரு பொருள் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டால் அது வெறும் கடுக்கன்.

பின்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூரையிலிருந்து பின் கண்ணாடி வழியாக வரும் கறுப்புப் பரப்பு இரு ஓரங்களிலும் பிரிந்து, மேலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தெரிகிறது. அந்த ஓரங்களில் உள்ள இரு மடிப்புகள் வேகத்தில் தாமாக எழுந்து வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. பெரிய இறக்கையை மாட்டாமல் அதன் வேலையை ஒளித்துச் செய்யும் முறை இது. படத்தில் எனக்கு அது ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறது. நேரில் மாறலாம்.

உட்புறத்தில்தான் இந்த வண்டி என் தேர்வில் தோற்கிறது. ஓட்டுநருக்கு 15.6 அங்குலத் திரை, நடுவில் 10.25 அங்குலம், பக்கத்தில் அமர்பவருக்கு 8.8 அங்குலம் என்று மூன்று திரைகள். ஸ்டியரிங்கில் அழுத்தும் பொத்தானுக்குப் பதிலாகத் தொட்டால் உணரும் பரப்புகள். வெளியே 1968ஐப் பாடிவிட்டு உள்ளே கைப்பேசிக் கடைக்குள் நுழைந்தது போலிருக்கிறது. அந்தத் தொடு பரப்புகள் தவறு என்று நிறுவனமே உணர்ந்துகொண்டது போலும். 2025இல் வந்த அமல்பி என்ற வண்டியில் இயந்திரத்தைக் கிளப்பும் பொத்தானை மீண்டும் உண்மையான பொத்தானாகவே கொண்டுவந்துவிட்டார்கள்.

இது வெறும் ரசனைக் குறை என்று நினைக்க வேண்டாம். பள்ளத்தூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் ஏறக்குறைய முப்பது ஆண்டு அசையாமல் நின்ற ஐம்பதுகளின் ஆங்கிலேய வண்டி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் திறந்தேன். வேகமானி செத்துக் கிடந்தது. பின்னால் கைவிட்டுக் கேபிளின் மறையைக் கழற்றி உருவினால், உள்ளே பின்னிய எஃகுக் கம்பி துருப்பிடித்து உறையோடு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நாளிதழில் வைத்து உருட்டித் துடைத்து, கிராபைட் தூள் பூசித் திரும்பச் செருகினோம். வண்டியைத் தெருமுனை வரை கொண்டுபோனபோது முள் இரண்டு முறை துடித்துவிட்டு, பத்தில் வந்து நின்றது. வீட்டுக்காரப் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று திரைகளும் அவற்றை ஆளும் மென்பொருளும் முப்பது ஆண்டு கழித்து இருட்டிப்போனால், மண்ணெண்ணெயும் நாளிதழும் கொண்டு அவற்றை எழுப்ப முடியாது. பழமையின் பெயரால் வரும் வண்டி தானும் ஒருநாள் பழையதாக வேண்டும் அல்லவா? அதற்கான ஏற்பாட்டை இதன் உட்புறத்தில் நான் காணவில்லை.

கியர் பெட்டியும் அப்படியே. டேட்டோனாவில் கையால் போடும் ஐந்து கியர். இதில் எட்டு வேக இரட்டைக் கிளட்ச் பெட்டி. மாற்றும் வேகத்தில் மனிதக் கை அதை நெருங்க முடியாது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 2.9 நொடியில் எட்டவும் அது உதவுகிறது. ஆனால் 2.9 நொடி யாருக்கு வேண்டும்? அதைவிட வேகமாகப் பாயும் மின்சார வண்டிகள் இன்று இதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன. வேகத்துக்காக இதை வாங்குபவர் கணக்குத் தெரியாதவர். டர்போ இல்லாத பன்னிரண்டு சிலிண்டரை ஒருவர் விரும்புவது அதன் இழைவுக்காகவும், சுற்று ஏற ஏறக் குரல் உயர்வதற்காகவும்தான். ஓர் இயந்திரத்தின் ஏற்றத்தைக் கையும் காலும் சேர்ந்து நடத்தும்போது வரும் இன்பத்தை ஆஸ்டன் மார்ட்டின் தன் 110 ‘வேலர்’ வண்டிகளுக்கும், போர்ஷே தன் ஸ்போர்ட் கிளாசிக்குக்கும் கை கியர் வைத்துக் காப்பாற்றிக்கொண்டன. இதில் மூன்றாம், நான்காம் கியர்களில் முறுக்குவிசை ஏறும் விதத்தை மென்பொருளே செதுக்கித் தருகிறது, ஓட்டுபவருக்கு ஒரு தொடர் ஏற்றம் கிடைத்த உணர்வு வர வேண்டும் என்பதற்காக. நல்ல பாடகனுக்கு யாரோ பின்னால் நின்று சுருதி சேர்த்துக்கொண்டே இருப்பது போல எனக்குப் படுகிறது. கேட்பவருக்குக் குறை தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எடையைச் சொல்லாமல் விடக் கூடாது. திரவங்கள் இல்லாமல் 1,560 கிலோ. டேட்டோனா அதே கணக்கில் சுமார் 1,200. இடைப்பட்ட காலத்தில் வந்த பாதுகாப்பு விதிகள், குளிர்சாதனம், 21 அங்குலச் சக்கரங்கள் எல்லாம் அந்த வேறுபாட்டுக்குள் இருக்கின்றன. இதைக் குறையாக எழுத எனக்கு மனமில்லை. மோதலில் உயிர் காக்கும் எடையும் அதில் அடக்கம்.

ஆக, தம்பி கேட்ட இரண்டு பக்கங்களில் நான் எந்தப் பக்கம் என்றால், எலும்பைப் பொறுத்தவரை இது உண்மையான வாரிசு, உட்புறத்தில் அச்சடித்த ஓடு, முகப்பில் இரண்டுக்கும் நடுவே. தாத்தாவின் பெயரை விற்பவர்கள் என்ற குற்றச்சாட்டு எஸ்.எல்.எஸ்.ஸின் கதவுக்கும் புதிய கவுன்டாக்கின் பெயருக்கும் பொருந்தும் அளவுக்கு இதற்குப் பொருந்தாது. அறுபடாமல் வந்த பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தை இன்னும் செய்துகொண்டிருப்பவனுக்குத் தாத்தாவைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு. வெளிநாட்டுப் பொருள் என்பதால் நம்மவருக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியக் கண்ணாடியையும் கப்பலில் கொண்டுவந்து, அவற்றை நம் வெயிலுக்கும் நம் கல்யாணங்களுக்கும் ஏற்றபடி வைத்துக் கட்டிய ஊர்கள் இவை.

ஊருக்குக் கொண்டுவந்தால் சரிப்படுமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அறிமுகத்தின்போது இந்தியாவில் இதன் விலை எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. முழுமையாகக் கட்டி இறக்குமதியாகும் ஆடம்பர வண்டிகளுக்குச் சுங்கவரி வண்டியின் அடக்க விலையளவுக்கே வந்து நின்றது நெடுநாளைய நிலை. அதன்மேல் 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு ஜி.எஸ்.டி.; தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு, அதாவது அந்த ஓர் இனத்தில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். சிங்கப்பூரில் இருப்பவருக்கு வண்டியின் விலையைவிட வரி பெரிதாக இருப்பது புதிய செய்தியாக இருக்காது. நிறுவனம் ஏழு ஆண்டுப் பராமரிப்பைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது என்பது உதவிதான். ஆனால் அதற்கான பணிமனை காரைக்குடியில் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

அதைவிட முக்கியமானது, அது ஓடுமா என்பது. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எத்தனையோ, பங்காளிகள் எல்லோரும் வெளியூரில் இருக்க, கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறந்து, மறுநாளே பூட்டப்படுகின்றன. தேக்கும் சுண்ணாம்பும் அதைத் தாங்கும், கார் தாங்காது. அசையாமல் நிற்கும் வண்டியில் டயர் ஒரே இடத்தில் அமுங்கிச் சப்பையாகும், பெட்ரோல் கெடும், ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், மின்னணு உறுப்புகள் உறிஞ்சி உறிஞ்சிப் பேட்டரி இறந்துவிடும். ஆண்டுக்கு இருமுறை ஊருக்கு வரும் ஒருவர் இதை இங்கே நிறுத்தி வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். மாதம் இருமுறையாவது திருமயத்திலிருந்து காரைக்குடி வழியாகத் தேவகோட்டை வரும் சாலையில் விடியற்காலையில் ஓட்டிச் சூடேற்ற ஆள் இருந்தால் பேச்சு வேறு.

அப்படி ஆள் இருக்கிறார் என்றால், காசைக் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. இந்த வண்டியின் நீளம் 4,733 மில்லிமீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,700. அதாவது முன்னும் பின்னுமாகச் சக்கரத்துக்கு வெளியே இரண்டு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதிலும் மூக்கு தரையோடு தரையாக இருக்கிறது. முன்பக்கத்தைச் சற்று உயர்த்தும் வசதியைத் தனியாகப் பணம் கட்டி வாங்கலாம், அதைக் கட்டாயம் வாங்குங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கொட்டகையின் வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவையும், தெருமுனையில் உள்ள வேகத்தடையின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு மட்டப்பலகையும் அளவு நாடாவும் வைத்து அளந்து எனக்கு அனுப்புங்கள். மூக்கு தட்டுமா தட்டாதா என்பதைக் காகிதத்தில் வரைந்தே சொல்லிவிடலாம்.